பதினோரு மடக்குக் கத்தி, ஒரு கிரெடிட் கார்டு: கலெக்‌ஷன் முதலீடாகுமா?



போன வாரம் வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணுக்கு மட்டும் ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியல. அதனால இங்க எழுதுறேன். கேட்டவர் ஆழ்வார்திருநகரியில இருந்து ஒரு தம்பி. தூத்துக்குடியில தனியார் கம்பெனி வேலை, பிடித்தம் போக கைக்கு வர்றது 32,000. சிகரெட் இல்ல, குடி இல்ல, பைக்கூட அப்பாவோட பழைய பைக்தான். ஆனா ரெண்டு வருஷத்துல 11 அமெரிக்க மடக்குக் கத்தி வாங்கியிருக்கார். 11-ம் ஒரே பேட்டர்ன். கார்டுல 38,000 ரூபாய் நிலுவை, மாசாமாசம் மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு வர்றார். பேங்க்ல 50,000 சேமிப்பு இருக்கு. வர்ற ஜூன்ல தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் 60,000 கட்டணும், வீட்ல இவரைத்தான் நம்பி இருக்காங்க.

அவரோட கேள்வி இதுதான்: "அண்ணா, அம்மா கேட்டா இது இன்வெஸ்ட்மென்ட்ன்னு சொல்லிட்டு வர்றேன். அப்படிச் சொல்றது சரியா?"

நேரா சொல்லிடுறேன், சரியில்ல. ஆனா "கத்தியை எல்லாம் தூக்கிப் போடு தம்பி"ன்னு சொல்றதுக்காக நான் இதை எழுதல. உங்கள்ல பல பேருக்கு இதே மாதிரி ஒண்ணு இருக்கும். ஸ்னீக்கர், வாட்ச், ஃபவுன்டன் பேனா, ஹாட் வீல்ஸ் கார், ஏதோ ஒண்ணு. கத்தியோட கணக்கைப் பார்த்தா உங்க பொருளோட கணக்கும் புரியும்.

மொதல்ல, இதுல அப்படி என்னதான் இருக்கு?

தம்பி சேர்க்கிற பேட்டர்னுக்குப் பேரு ஸ்டாக்மேன். பேருலயே இருக்கு, கால்நடை வளர்க்கிறவனோட கத்தி. மடக்கினா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், விரிச்சா மூணு பிளேடு. கூர்முனை உள்ள பெரிய பிளேடு பொது வேலைக்கு. முனை மழுங்கி, வெட்டுற பக்கம் நேரா இருக்கிறது ஷீப்ஸ்ஃபுட். கயிறு அறுக்கும்போது மாட்டையும் குத்தாது, உங்க கையையும் குத்தாது. மூணாவது ஸ்பே, அது காளைக்கன்னைக் காயடிக்கிறதுக்குன்னே வந்த பிளேடு. ஆக இது மாட்டுக்காரங்க பாக்கெட்டுல கிடந்த வேலைக் கருவி. நாம இங்க பேனாக்கத்தின்னு சொல்ற குடும்பத்துலதான் இதுவும் வரும்.

இந்தக் கத்திகள்ல ரொம்பப் பேரு சேர்க்கிற பிராண்டு கேஸ். 1889-ல நியூயார்க் மாநிலத்துல லிட்டில் வேலிங்கிற ஊர்ல கேஸ் சகோதரர்கள் ஆரம்பிச்ச தொழில், 1905-ல பென்சில்வேனியாவில இருக்கிற பிராட்ஃபோர்டுக்கு வந்துச்சு. லைட்டர் செய்யுற ஸிப்போவுக்கும் அதே ஊர்தான். 1993-ல ஸிப்போவே கேஸ் கம்பெனியை வாங்கிடுச்சு.

கேஸ் கத்தியோட ருசியே அதோட நம்பர்லதான் இருக்கு. 6318-ன்னு பிளேடு அடியில அடிச்சிருந்தா, முதல் எண் 6 செதுக்கின எலும்புப் பிடி, அடுத்த 3 மூணு பிளேடு, கடைசி 18 பேட்டர்ன். 3318-ன்னு இருந்தா அதே கத்தி, ஆனா பிடி மஞ்சள் நிற சிந்தெடிக். நம்பரை வெச்சே கத்தியைக் கண்ணுல பார்த்துடலாம். வருஷம் கண்டுபிடிக்கிறது இன்னும் அழகு. 1940-ல இருந்து 1964 வரை வெறும் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' முத்திரை. 1965-ல இருந்து 69 வரை கூடவே 'யு.எஸ்.ஏ.' சேர்ந்துச்சு. 1970-ல முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வெச்சாங்க, அப்புறம் வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைச்சாங்க. 71-ல ஒன்பது, 72-ல எட்டு, 79-ல ஒண்ணே ஒண்ணு. பழைய பெட்டியில கிடக்கிற கத்தியோட அடியில ஏழு புள்ளி இருந்தா அது 1973. ரேஷன் கார்டு இல்லாமலே வயசைச் சொல்லிடலாம்.

இப்போ புரியுதா, ஏன் ஒண்ணோட நிக்காதுன்னு? பத்துப் புள்ளியில ஒன்பது கிடைச்சவனுக்குத் தூக்கம் வராது. அதுலயும் செட்டை முழுசாக்கணும்கிற அரிப்பு விலை பார்க்காது. கண்ணுக்குத் தெரியாத செலவு அங்கதான் ஆரம்பிக்குது.

இன்னொரு பக்கம், தயாரிப்பு நின்னு போன கம்பெனிகளோட கவர்ச்சி. ஓல்டு டைமர் கத்தி செஞ்ச இம்பீரியல் ஷ்ரேட் 2004-ல மூடிட்டாங்க. கேமிலஸ் 2007-ல மூடினாங்க. பேரை வேற ஆளுங்க வாங்கிட்டாங்க, அதுக்கப்புறம் ஓல்டு டைமர் பேருல வந்ததுல நிறைய சீனாவுல செஞ்சது. அதனால பழைய அமெரிக்கத் தயாரிப்புக்குத் தனி மதிப்பு. 2006-ல பென்சில்வேனியாவில டைட்டஸ்வில்ல ஆரம்பிச்ச கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி இன்னும் சுவாரசியம். பழைய முறையில, சின்னச் சின்ன எண்ணிக்கையில போடுவாங்க. சில மாடல் கடைக்கு வந்த வேகத்துல தீர்ந்துடும், உடனே வேற ஒருத்தர் கூடுதல் விலைக்கு விப்பார். அந்த ரெண்டாவது விலையைப் பார்த்துட்டுத்தான் தம்பி மாதிரி ஆளுங்க "விலை ஏறுது அண்ணா, இது முதலீடு"ங்கிறாங்க.

விலை ஏறுது, உண்மைதான். ஆனா யாருக்கு ஏறுது? பென்சில்வேனியாவில உட்கார்ந்து வாங்கி, பென்சில்வேனியாவிலேயே விக்கிறவருக்கு. ஆழ்வார்திருநகரியில உட்கார்ந்து வாங்குறவருக்கு வேற கணக்கு.

கணக்கு போடுவோம் வாங்க

கத்தி விலை 85 டாலர், அனுப்புற செலவு 25 டாலர். மொத்தம் 110. ஒரு டாலர் 85 ரூபாய்ன்னு வெச்சுக்குங்க, 9,350 ரூபாய். வெளிநாட்டுக் கரன்சியில கார்டைத் தேய்ச்சா நிறைய கார்டுல 3.5 சதவீதம் மார்க்-அப், அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அது ஒரு 386 ரூபாய். அடுத்தது கஸ்டம்ஸ். இங்கதான் பல பேரு கோட்டை விடுறாங்க. வரி கத்தியோட விலைக்கு மட்டும் இல்ல, அனுப்புற செலவையும் சேர்த்த தொகைக்குப் போடுவாங்க. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஆர்டர் போடுற அன்னிக்குப் பார்த்துக்குங்க. நான் கணக்குக்காக எல்லா வரியும் சேர்த்து 40 சதவீதம்ன்னு எடுத்துக்கிறேன், 3,740 ரூபாய். கூரியர்காரங்க கிளியரன்ஸ் சார்ஜ்ன்னு ஒரு சில நூறு. கூட்டினா 14,000 பக்கம் வந்து நிக்குது.

ஸ்கிரீன்ல பார்த்த விலை 7,225. வீட்டு வாசலுக்கு வந்த விலை 14,000. பார்சலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே பாதிப் பணம் போயாச்சு.

("கிஃப்ட்ன்னு எழுதி அனுப்பச் சொல்லலாமே"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. 5,000 ரூபாய்க்குள்ள வர்ற பரிசுப் பொருளுக்கு வரி இல்லைங்கிற சலுகையை 2019 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க. பொய் டிக்ளரேஷன் எழுதி மாட்டினா பொருளும் போகும், அபராதமும் வரும்.)

இப்போ திருப்பி விக்கிறதைப் பாருங்க. அமெரிக்காவுல இருக்கிற ஒருத்தருக்கே ஆன்லைன்ல விக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். விற்பனைத் தளத்துக்குக் கமிஷன் 13 சதவீதம், அனுப்புற செலவு 20 டாலர்ன்னு போடுங்க. நீங்க போட்ட 14,000 ரூபாய் திரும்பிக் கைக்கு வரணும்னா கத்தி எவ்வளவுக்குப் போகணும் தெரியுமா? 212 டாலருக்கு. 85 டாலர் கத்தி ரெண்டரை மடங்கு ஏறணும். பத்து வருஷம் காத்திருந்தா, வருஷத்துக்கு 9.6 சதவீதம் விலை ஏறணும். அப்பவும் லாபம் பூஜ்யம். போட்ட முதல் மட்டும்தான் வரும். ரூபாய் மதிப்பு வருஷத்துக்கு 3 சதவீதம் இறங்கும்னு உங்களுக்குச் சாதகமாவே எடுத்துக்கிட்டாலும் கிட்டத்தட்ட 7 சதவீதம் ஏறணும். இதுக்குப் பேரு முதலீடுன்னா, வட்டியே இல்லாத எஃப்.டி.யை என்னன்னு சொல்றது?

இன்னும் ஒரு விஷயம், இது நம்ம கடற்கரைக்கே உரியது. பழைய கேஸ் கத்தி நிறைய குரோம் வனேடியம் எஃகு, கிரேட் ஈஸ்டர்ன்ல 1095 கார்பன் எஃகு. ரெண்டும் ஸ்டெயின்லெஸ் கிடையாது. நம்ம பக்கம் கிரில் கம்பியே வருஷத்துக்கு ஒரு பெயிண்ட் கேக்குது, உப்புக் காத்துல கார்பன் பிளேடு எம்மாத்திரம்? கலெக்டர்கள் விலையைத் தீர்மானிக்கிறது பிளேடு தேயாம முழுசா இருக்கா, துரு குழி விழுந்திருக்கா, திறக்கும்போது ஸ்பிரிங் 'டக்'குன்னு நிக்குதா, இதையெல்லாம் பார்த்துத்தான். ஒரு ஐப்பசி மழைக்கு அலமாரியில மறந்து வெச்சா பாதி விலை போச்சு.

சேர்க்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தோல் உறையில போட்டு வெக்காதீங்க, தோல் ஈரத்தை இழுத்துப் பிளேடுல துரு ஏத்தும். தேங்காய் எண்ணெய் தடவினா நாளடைவுல காறிப் பிசுபிசுக்கும். தையல் மெஷினுக்குப் போடுற எண்ணெயை லேசாத் தடவி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடின டப்பாவுல வைங்க. செல்லுலாய்டு பிடி போட்ட பழைய கத்தி இருந்தா அதை மட்டும் தனியா, காத்துப் படுற இடத்துல வைங்க. அது வருஷக் கணக்கில ஒரு வாயுவை விடும், பக்கத்துல இருக்கிற நல்ல கத்தியையும் சேர்த்து அரிச்சுடும். சொந்தக்காரங்க கல்யாணத்துல பக்கத்து இலையில உட்கார வெக்கக் கூடாத ஆள் மாதிரி.

சட்டம் என்ன சொல்லுது?

சுருக்கமா. 2016 ஆயுத விதிகள்படி 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியல்ல வருது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்சது அதுலயும் வராது. மூணு அங்குலம்கூட இல்லாத ஸ்டாக்மேன் பிளேடு அந்த அளவுக்குப் பக்கத்துலயே வராது. அதுக்காகப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்ட்ல திரியாதீங்க. 2021-ல தமிழ்நாடு போலீஸ் கத்தி, அரிவாள் செய்யுற பட்டறைகள்ல வாங்குறவங்க பேரு முகவரியை எழுதி வெக்கச் சொன்ன ஊரு இது. தென் மாவட்டத்துல சோதனையில நின்னு, "சார், இது கலெக்‌ஷன், புள்ளியை எண்ணிப் பாருங்க"ன்னு விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியாது.

இதைவிட முக்கியம் கொம்புப் பிடி. ஒரு காலத்துல வெளிநாட்டுக் கத்திகளுக்கு இந்தியக் கடமான் கொம்புல பிடி போடுவாங்க, அதுக்கு அங்க இன்னிக்கும் கிராக்கி. நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கு. நம்ம நாட்டுல கடமான் கொம்பை வெச்சிருக்கிறதே சிக்கல்.

அதே மாதிரி, "ஆதிச்சநல்லூர்ல கிடைச்ச பழைய இரும்புக் கத்தி"ன்னு யாராவது காட்டினா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, அதே திருநெல்வேலி–திருச்செந்தூர் ரோட்டுல இருக்கிற இடம். 1876-ல ஜாகோர்ங்கிற ஜெர்மன்காரர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் 1899-ல இருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினப்போ தாழிகளோட இரும்பு வாள், ஈட்டிமுனை, குறுவாள்ன்னு வந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல பழைய பொருளை லைசென்ஸ் இல்லாம வியாபாரம் பண்றதை 1972 தொல்பொருள் சட்டம் தடுக்குது. அந்த இரும்பைப் பார்க்கணும்னு ஆசையா இருந்தா ஆதிச்சநல்லூர்லயே மியூசியம் இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

நம்ம ஊர் பேட்டர்ன் ஒண்ணு இருக்கு

தம்பி எழுதினதுல ஒரு வரி என்னைப் பிடிச்சு நிறுத்திச்சு. "எங்க தாத்தா பனையேறி. அவரோட பாளை அருவா பரண்ல கிடக்கு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கு வந்திருக்கும்னு நினைக்கிறேன்."

ஸ்டாக்மேன்ல மூணு பிளேடு எதுக்குன்னு மேல சொன்னேன் இல்லையா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. பனையேறியும் அதேதான் செஞ்சார். மட்டை வெட்ட ஒரு அருவா, பாளை சீவ ஒரு அருவா. பாளை அருவாவை வேற எதுக்கும் தொட மாட்டாங்க. பாளையை மெல்லிசா, காகிதம் மாதிரி சீவினாத்தான் பதநீர் சொட்டும்; வாய் மழுங்கினா பாளை வீணாப் போகும், அன்னிக்குக் கலயம் காலி. அதனாலதான் பலகையில வெள்ளைக்கல் பொடி தூவித் தினமும் தீட்டுவாங்க. இடுப்புல தொங்குற அருவாப்பெட்டிக்குள்ளதான் அதுக்கு இடம். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சதைக் கொண்டாடினோம், ஆனா அந்தக் கருப்பட்டிக்குப் பின்னாடி இருக்கிற அருவாவை யாரும் எண்ணி வெக்கல. எந்தக் கொல்லர் அடிச்சது, வளைவு எந்த ஊருக்கு எப்படி மாறுது, பிடிக்கு என்ன மரம், ஒண்ணுக்கும் புள்ளிக் கணக்கு கிடையாது. கேஸ் கம்பெனி முத்திரை அடிச்சு வெச்சதை இங்க கேட்டுத்தான் எழுதணும், கேக்கிறதுக்கு இன்னும் ஆளுங்க இருக்காங்க.

இது மலிவான மாத்துன்னு நான் சொல்ல வரல. அமெரிக்கக் கத்தி மேல இருக்கிற ஆசை வேற, இது வேற. ஆனா திருச்செந்தூர் வட்டாரத்துல ஒவ்வொரு ஊர் அருவாவையும் போட்டோ எடுத்து, பட்டறை பேரோட ஒரு நோட்டுல எழுதினா, கார்டு தேய்க்காமலே தம்பிகிட்ட இருக்கப் போற கலெக்‌ஷன் வேற யார்கிட்டயும் இருக்காது.

சரி, ஜூன் மாசத்துக்கு வருவோம்

38,000 நிலுவைக்கு மாசம் 3.5 சதவீத வட்டி 1,330, ஜி.எஸ்.டி. சேர்த்தா 1,569. வருஷக் கணக்குல வட்டி மட்டும் 42 சதவீதம். அதே ஆளோட 50,000 ரூபாய் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல சொற்ப வட்டிக்குத் தூங்குது. "அது தங்கச்சி ஃபீஸுக்கு வெச்சது அண்ணா, தொட மாட்டேன்"ங்கிறார். பாசம் புரியுது. ஆனா தங்கச்சி பணத்தைக் கார்டு கம்பெனி மாசம் 1,569 ரூபாய் வீதம் தின்னுட்டு இருக்கு. அதனால நாளைக்கே 38,000-ஐக் கட்டி முடிக்கணும். மிச்சம் 12,000.

இதுவரை கத்திக்கும் கார்டுக்கும் சேர்த்து மாசம் 6,000 போயிட்டு இருந்துச்சு. ஜூனுக்கு இன்னும் நாலு சம்பளம் இருக்கு, 24,000. ஆக 36,000 கையில. தேவை இன்னும் 24,000.

இங்கதான் அந்த 14,000 ரூபாய்க் கணக்கு நமக்கு உதவிக்கு வருது. கத்தியை அமெரிக்காவுக்குத் திருப்பி வித்தா 4,500 ரூபாய் தேறுறதே பெருசு. ஆனா இந்தியாவுல இதே கத்தியைத் தேடுற இன்னொருத்தர் புதுசா வாங்கினா அவரும் 14,000 கொடுக்கணும். அவருக்கு 8,000-க்குக் கிடைச்சா லாபம், உங்களுக்கு நஷ்டத்துலயே குறைஞ்ச நஷ்டம். எந்தக் கத்தியை விக்கிறது? புள்ளி வெச்ச எழுபதுகள் கத்தியை விக்க வேண்டாம். இன்னிக்கும் தயாரிப்புல இருக்கிற புது மாடல், நிறம் மட்டும் மாறின டபுள், இந்த மாதிரி அஞ்சு ஒதுக்குங்க. மூணு போனாலே 24,000, ஃபீஸ் முழுசா வந்துடும். அஞ்சும் போனா 16,000 கையில நிக்கும், எமர்ஜென்சி ஃபண்டுக்கு அதுதான் முதல் செங்கல். வாங்குறவங்க கொஞ்ச பேருதான், ஒரு வாரத்துல போகாது. அதனால மே மாசம் வரைக்கும் காத்திருக்காம இப்பவே விலை போட்டு வைங்க. ரொக்கமோ யு.பி.ஐ.யோ, பணம் வந்த பிறகுதான் பார்சல்.

"14,000-க்கு வாங்கினதை 8,000-க்கா?"ன்னு மனசு அடிச்சுக்கும். அந்த 6,000 நீங்க விக்கிற அன்னிக்குப் போகல தம்பி, கஸ்டம்ஸைத் தாண்டின அன்னிக்கே போயிடுச்சு.

மீதி ஆறு கத்தியை ஒரு பைசா குற்ற உணர்ச்சி இல்லாம வெச்சுக்குங்க. ஜூலையில இருந்து மாசம் 1,000 ரூபாய்க்குத் தனியா ஒரு ஆர்.டி. போடுங்க, பேரே 'கத்தி ஆர்.டி.'ன்னு வைங்க. பதினாலு மாசத்துல ஒரு கத்தி வரும். அந்தப் பதினாலு மாசமும் எந்த நம்பர், எந்த வருஷம், எந்தப் பிடின்னு தேடிப் படிச்சுட்டே இருக்கலாம், அதுக்கு வட்டி கிடையாது. அம்மாகிட்ட இன்வெஸ்ட்மென்ட்ன்னு சொல்ல வேண்டாம். "ஆசைக்கு மாசம் ஆயிரம்மா"ன்னு சொல்லுங்க. முதல் ரெண்டு நாள் திட்டுவாங்க. அப்புறம் வெங்காயம் நறுக்க அந்த மஞ்சள் பிடிக் கத்தியைத்தான் கேப்பாங்க, 3318-ஐக் கொடுத்துட்டு, கழுவின உடனே துடைச்சு வெக்கச் சொல்லிடுங்க.